டயாலிசிஸ் போதும் என்று அப்பா சொன்னால்

அம்பத்தூரிலும் ஆவடியிலும் காலை மின்சார ரயிலில், கையில் டயாலிசிஸ் ஊசி போடுவதற்கான ஃபிஸ்டுலா தழும்போடு சென்ட்ரலுக்குப் போகிறவர்கள் உண்டு. அவர்கள் போவது ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனைக்கு. பூந்தமல்லிக்காரர்களுக்குப் பூந்தமல்லி நெடுஞ்சாலையிலேயே உள்ள கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்தபின் தனியார் மருத்துவமனைகளிலும் பலர் டயாலிசிஸ் செய்துகொள்கிறார்கள். எங்கே செய்தாலும் பொதுவாக வாரம் மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் சுமார் நான்கு மணி நேரம்.

நாற்பது வயதுக்காரருக்கு இது வாழ்வைத் திருப்பித் தருகிறது. எண்பதை நெருங்கும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். சர்க்கரை முற்றியிருக்கிறது, இதயமும் பலவீனம். டயாலிசிஸ் முடித்து வந்த நாள் முழுக்கப் படுக்கை. மறுநாள் சற்றுத் தெளிகிறார், அதற்குள் அடுத்த முறை வந்துவிடுகிறது. “போதும்பா, என்னை விட்டுடுங்க” என்கிறார். அவர் சொல்வதை யாராவது உட்கார்ந்து கேட்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

புற்றுநோய்க்கு மட்டுமா?

கடைசிக் காலத்தில் வேதனையைத் தணித்துப் பராமரிக்கும் ஹாஸ்பிஸ் என்றதும் புற்றுநோய்தான் நினைவுக்கு வருகிறது. காரணம் இருக்கிறது. மணலியை அடுத்த மாத்தூரில் உள்ள ஜீவோதயா போன்ற இல்லங்கள் புற்றுநோயாளிகளுக்காகவே தொடங்கப்பட்டவை. ஆனால் சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்தவர் படும் வேதனை அதற்குக் குறைந்ததல்ல.

முதுமையும் வேறு பல நோய்களும் உள்ளவருக்கு டயாலிசிஸைத் தொடங்காமலே, மருந்தாலும் உணவாலும் தொல்லைகளைக் குறைத்துப் பராமரிக்கும் வழி உண்டு. இதுவும் முறையான சிகிச்சைதான். டயாலிசிஸால் இவர்களுக்குக் கூடுதலாகக் கிடைக்கும் நாட்கள் குறைவாக இருக்கலாம், அவற்றிலும் பல மருத்துவமனையிலேயே கழியலாம். “தொடங்காவிட்டால் எப்படி இருப்பார்?” என்று சிறுநீரக மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

ஏற்கெனவே செய்துகொண்டிருப்பவர் நிறுத்தினால், பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரங்களில் மரணம் நேரும். சிறுநீர் ஓரளவு பிரிகிறவர் இன்னும் சில வாரங்கள் இருக்கலாம். கழிவுகள் இரத்தத்தில் சேரச் சேரத் தூக்கம் கூடி, மெல்ல நினைவு மங்கும். கூடவே நல்ல பராமரிப்பு இருந்தால் பெரும்பாலோருக்கு இது அமைதியாகவே நடக்கிறது.

அரிப்பு, குமட்டல், மூச்சிரைப்பு, வலி

வீட்டார் அலட்சியப்படுத்துவது அரிப்பைத்தான். இரவெல்லாம் சொறிந்து தோல் புண்ணாகும். தேங்காய் எண்ணெயோ களிம்போ தடவுவது, வெந்நீர்க் குளியலைத் தவிர்ப்பது கொஞ்சம் உதவும். அடங்காவிட்டால் கபாபென்டின் மாத்திரையை மிகக் குறைந்த அளவில் மருத்துவர் தருவார். குமட்டலுக்கும் தசைத் துடிப்புக்கும் மருந்துகள் உள்ளன. நாவறட்சிக்கு ஒரு துண்டு ஐஸ் கட்டியை வாயில் வைக்கலாம். குடிக்கும் அளவு கூடினால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சிரைக்கும், ஆகவே நீர்க் கட்டுப்பாடு கடைசிவரை தேவைப்படலாம். உணவுக் கட்டுப்பாடுகளை மட்டும் மருத்துவரைக் கேட்டுத் தளர்த்தலாம். பல வருடங்களாக மாம்பழத்தை ஒதுக்கியவருக்கு ஒரு துண்டு கொடுப்பதில் பெரிய ஆறுதல் இருக்கிறது.

வலி மருந்தில்தான் மிகுந்த கவனம் வேண்டும். மார்ஃபின் உடலில் சிதைந்து உண்டாகும் பொருட்கள் சிறுநீர் வழியாகவே வெளியேற வேண்டும். அவை தேங்கினால் உளறல், உடல் உதறல், மூச்சு மந்தம் எல்லாம் வரும். அதனால் ஃபென்டனில், புப்ரினார்ஃபின் போன்றவற்றைப் பழக்கமுள்ள மருத்துவர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். பக்கத்துக் கடையில் வாங்கும் டைக்ளோஃபெனாக் மாத்திரையை நீங்களாகக் கொடுக்காதீர்கள்.

வீடு தேடி வருபவர்கள்

2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இரத்த அழுத்த மாத்திரை மட்டுமல்ல, வேதனையைத் தணிக்கும் நோய் ஆதரவுச் சேவையும் அடக்கம். வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கான பைகளும் இதில் தரப்படுகின்றன. அம்பத்தூர் சென்னை மாநகராட்சியைச் சேர்ந்தது, எனவே அங்குள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்க வேண்டும். ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டம், அங்குள்ளவர்கள் தங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104 மருத்துவ உதவி எண்ணை அழைக்கலாம். நோய் முற்றும்வரை காத்திருக்காமல், அவர் பேசக்கூடிய நிலையில் இருக்கும்போதே கேளுங்கள்.

எழுதி வைப்பது

சுயநினைவுள்ள ஒருவர் டயாலிசிஸ் வேண்டாம் என்று சொல்லலாம், அது அவர் உரிமை. நினைவு தப்பிய பின் என்ன செய்ய வேண்டும், யார் முடிவெடுக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைப்பதை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் ஏற்றுக்கொண்டது. 2023-இல் நடைமுறை எளிதானது: இரண்டு சாட்சிகளின் கையெழுத்து, நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரியின் சான்று.

இதை வீட்டில் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் கடைசி இரவில் மூச்சு மாறுவதைப் பார்த்துப் பதறி 108 ஆம்புலன்ஸை அழைத்து, அவர் வேண்டாம் என்ற தீவிர சிகிச்சைப் பிரிவுக்கே கொண்டுபோய்விடுவார்கள். வெளியூரிலிருந்து வரும் மகனுக்கும் மகளுக்கும் முன்னதாகவே விளக்கிச் சொல்லுங்கள்.

வீட்டில் உயிர் பிரிந்தால், அவரைப் பார்த்துவந்த மருத்துவரிடம் இறப்புக் காரணச் சான்று வாங்கி 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். நள்ளிரவில் அழைத்தாலும் அந்த மருத்துவர் வருவாரா, வராவிட்டால் வேறு யாரைக் கூப்பிடுவது என்பதை இந்த வாரமே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.