எல்கேஜி அட்மிஷன்: எதைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம், எதை மாற்றவே முடியாது? சங்கராபுரம் பெற்றோருக்கு ஒரு கணக்கு

காலை ஏழரை மணிக்கு சங்கராபுரம் வழியாகப் போனால் கண்ணில் படுவது மஞ்சள் வேன்கள்தான். சுற்றுக் கிராமங்களிலிருந்து ஊருக்குள் வருபவை சில, ஊரிலிருந்து கள்ளக்குறிச்சி பக்கம் கிளம்புபவை சில. ஜன்னலோரம் தூங்கி வழியும் முகங்களில் பல, இன்னும் ஒரு பல்கூட விழாத வயசு.

‘எந்த ஸ்கூல் நல்ல ஸ்கூல்?’ மூணு வயசுப் பிள்ளை இருக்கிற எந்த வீட்டிலும் இப்போது இதுதான் பேச்சு. பெங்களூருவிலோ சென்னையிலோ வேலை பார்த்துக்கொண்டு, பிள்ளையை ஊரில் தாத்தா பாட்டியிடம் விட்டிருப்பவர்களுக்குக் குழப்பம் இன்னும் அதிகம். ‘சீக்கிரம் பணம் கட்டிடுங்கண்ணே, சீட் முடிஞ்சுடும்’ என்று நடுவில் போன் வேறு வரும்.

அந்தக் கேள்விக்குப் பதிலாக ஒரு ரேங்க் பட்டியல் தர எங்களால் முடியாது. மூணு வயசுப் பிள்ளைகள் படிக்கும் இடத்தை யாராலும் அப்படி வரிசைப்படுத்திவிட முடியாது. ஆனால், இன்னொரு கேள்விக்குச் சட்டத்திலேயே தெளிவான பதில் இருக்கிறது. இன்று எடுக்கும் முடிவில் எதைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம், எதை மாற்ற முடியாது?

மாற்ற முடியாதது 1: ஆர்டிஇ இடம்

கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் வந்தது, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 12(1)(சி) பிரிவுப்படி சிறுபான்மையினர் நடத்தாத, அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகள் 25 சதவீத இடங்களை நலிவடைந்த, வாய்ப்பு மறுக்கப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும். கட்டணத்தை அரசு தரும். நலிவடைந்த பிரிவு என்றால் தமிழ்நாட்டில் பெற்றோரின் ஆண்டு வருமானம் 2 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும்.

பலர் கவனிக்காமல் விடும் விஷயம் இதுதான்: இந்த இடம் நுழைவு வகுப்பில் மட்டுமே உண்டு. பள்ளியில் எல்கேஜி இருந்தால் எல்கேஜியில்தான். ‘ரெண்டு வருஷம் பால்வாடிக்குப் போகட்டும், ஒண்ணாம் வகுப்புல ஆர்டிஇ-ல சேர்த்துக்கலாம்’ என்று காத்திருந்தால் வாய்ப்பு போய்விடும். வீட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்கே முன்னுரிமை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல்.

இதையே முழுசாக நம்பியும் இருக்க முடியாது என்று 2025 காட்டியது. சமக்ர சிக்‌ஷா நிதியை ஒன்றிய அரசு நிறுத்திவைத்திருந்ததால், ஏப்ரலில் தொடங்க வேண்டிய ஆர்டிஇ விண்ணப்பமே தொடங்கவில்லை. விவகாரம் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. நிதியின் ஒரு பகுதி வந்த பிறகு, அக்டோபரில்தான் சேர்க்கை நடந்தது. அதுவும் ஏற்கெனவே அந்தப் பள்ளிகளில் சேர்ந்திருந்த பிள்ளைகளுக்கு. அதாவது, கையில் பணம் இருந்து ஜூனிலேயே கட்டிச் சேர்த்தவர்கள் பயன்பெற்றார்கள். பணம் இல்லாமல் காத்திருந்தவர்கள் வெளியே நின்றார்கள். யாருக்காகக் கொண்டுவந்த சட்டமோ, அவர்களுக்கே அந்த வருஷம் அது கைகொடுக்கவில்லை.

இன்னொன்று, ஆர்டிஇ 8-ஆம் வகுப்போடு முடிந்துவிடும். 9-ஆம் வகுப்பில் முழுக் கட்டணமும் வீட்டுக்கு வரும். அதற்கான கணக்கை இன்றே போட்டு வைப்பது நல்லது.

மாற்ற முடியாதது 2: பயிற்று மொழி

டிஎன்பிஎஸ்சி கனவு இல்லாத தெரு நம்ம பக்கம் உண்டா? ஆனால், எல்கேஜி அட்மிஷன் நேரத்தில் அதை யாரும் நினைப்பதில்லை. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை தரும் சட்டம் 2010-ல் வந்தது. 2020-ல் அதைத் திருத்தினார்கள். கடைசிப் பட்டத்தை மட்டும் தமிழில் படித்தால் போதாது, 1-ஆம் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். குரூப் 4-க்கு என்றால் 1 முதல் 10 வரை. பிள்ளைக்கு 5 வயதில் நீங்கள் போடும் ஒரு டிக், 20 வயதில் அவள் விண்ணப்பப் படிவத்தில் வந்து நிற்கும்.

‘கவர்மென்ட் ஸ்கூல்லதானே போடுறோம், தமிழ்வழிதான்’ என்றும் இருந்துவிட வேண்டாம். 2012-13 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் ஆங்கிலவழிப் பிரிவுகள் தொடங்கப்பட்டன. சேர்க்கும்போது எந்தப் பிரிவு என்று கேட்டு, பதிவேட்டில் என்ன எழுதுகிறார்கள் என்பதையும் பார்த்துவிடுங்கள்.

இதையும் 7.5 சதவீத ஒதுக்கீட்டையும் பலர் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். மருத்துவம், பொறியியல் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீதம், கல்லூரிப் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் இரண்டுக்கும் 6-ஆம் வகுப்பிலிருந்துதான் கணக்கு. ஆர்டிஇ-யில் 8 வரை தனியாரில் படித்து, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கும் மருத்துவத்தில் 7.5 சதவீதம் உண்டு. எனவே, ‘தனியார்ல போட்டா டாக்டர் சீட் போச்சு’ என்று வாட்ஸ்அப்பில் யாராவது சொன்னால், தொடக்கப் பள்ளியைப் பொறுத்தவரை அது சரியில்லை.

அதற்காக எல்லோரும் தமிழ்வழி எடுங்கள் என்று சொல்லவில்லை. வேலைக்காக ஊர் ஊராக மாறுபவர்களுக்கு ஆங்கிலவழி தேவைப்படலாம். ஆனால், வீட்டில் யாரும் ஆங்கிலம் பேசாத பிள்ளை, புரியாத மொழியில் ‘பார்த்து எழுது’ வேலையை மூணு வருஷம் செய்துவிட்டு வரும்போது, அதை ஆங்கிலம் கற்றதாக எடுத்துக்கொள்வது கொஞ்சம் கஷ்டம்தான்.

மாற்றக்கூடியது: எல்கேஜியே!

ஆர்டிஇ வரம்புக்குள் வராத வீடுகளுக்கு எல்கேஜி முடிவு, ஸ்கூல்கள் பயமுறுத்தும் அளவுக்குப் பெரிய முடிவு அல்ல. 1-ஆம் வகுப்பில் சேர எல்கேஜி, யுகேஜி படித்திருக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் கேட்கவில்லை. தேர்வு வைப்பது, பிள்ளையையோ பெற்றோரையோ இன்டர்வியூ செய்வது ஆகியவற்றைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 13-வது பிரிவு தடை செய்கிறது. முதல் முறை மீறினால் 25,000 ரூபாய் வரை அபராதம், அடுத்தடுத்த ஒவ்வொரு முறைக்கும் 50,000 ரூபாய் வரை.

அங்கன்வாடியையும் ஒருமுறை எட்டிப் பாருங்கள். தமிழ்நாட்டில் 54,000-க்கும் அதிகமான மையங்கள் இருக்கின்றன. மதியச் சாப்பாடு, வாரத்தில் மூன்று நாள் முட்டை, பாட்டு, விளையாட்டு எல்லாம் நடந்துபோகும் தூரத்தில் கிடைக்கும். ஆனால், மையத்துக்கு மையம் வித்தியாசம் பெரிசு. 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருக்கும் 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி தொடங்கினார்கள். 2022-ல் அதை நிறுத்தப்போவதாகச் செய்தி வந்து, எதிர்ப்பு கிளம்பியதும் தொடர்வதாக அரசு சொன்னது. ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் எடுத்தார்கள். அந்தச் சம்பளத்தில் யார், எத்தனை வருஷம் நிற்பார்கள்? உங்கள் ஊர் மையத்தில் இப்போது டீச்சர் இருக்கிறாரா என்று நேரில் போய்ப் பார்ப்பதுதான் ஒரே வழி.

பெங்களூருக்குப் பிள்ளையை அழைத்துப்போகும் திட்டம் இருந்தால் வயசையும் பாருங்கள். தமிழ்நாட்டில் 5 வயது முடிந்தால் 1-ஆம் வகுப்பு. கர்நாடகத்தில் 6 வயது விதி வந்துவிட்டது, 2025-26-க்கு மட்டும் 5 வயது 5 மாதம் என்று தளர்த்தினார்கள். கேந்திரிய வித்யாலயாவிலும் 6 வயதுதான்.

வேனில் போகும் 400 மணி நேரம்

போகும்போது 1 மணி நேரம், வரும்போது 1 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். 1 முதல் 5 வரையான வகுப்புகளுக்குச் சட்டம் சொல்லும் குறைந்தபட்ச வேலை நாட்கள் 200. வேனில் மட்டும் 400 மணி நேரம் ஆகிவிடுகிறது. அதே சட்டம் வருஷத்துக்கு வைத்திருக்கும் பாட நேரம் 800 மணி. படிக்கிற நேரத்தில் பாதி அளவுக்கு உட்கார்ந்தே பயணம்! கள்ளக்குறிச்சியில் இருக்கும் பெரிய ஸ்கூல் அந்த 400 மணி நேரத்துக்கு ஈடாக என்ன தருகிறது என்று கேட்காமல் வேன் ஃபீஸைக் கட்டாதீர்கள். என் கணக்கில், 8 வயசுக்குக் கீழே இருக்கும் பிள்ளைக்குப் பக்கத்துப் பள்ளி சுமாராக இருந்தாலும் அதற்குத்தான் முதல் மார்க்.

வேனைத் தேர்வு செய்வதும் பள்ளியைத் தேர்வு செய்வதைப் போலத்தான். 2012 ஜூலையில் தாம்பரம் பக்கத்தில் பள்ளிப் பேருந்தின் ஓட்டை வழியாக விழுந்து 7 வயதுச் சிறுமி இறந்த பிறகே, தமிழ்நாட்டில் பள்ளி வாகனங்களுக்குத் தனி விதிகள் வந்தன. உதவியாளர், அவசர வழி, வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, வருஷா வருஷம் ஆய்வு எல்லாம் அதில் வரும். வெள்ளை நம்பர் பிளேட் ஆம்னியில் பத்துப் பதினைந்து பிள்ளைகளை அடைத்துக்கொண்டு போகிறவருக்கு இந்த ஆய்வு எதுவும் கிடையாது. தெரிந்த அண்ணன்தான், ஆனாலும் அது வாடகைக்கு ஓட்டவே அனுமதியில்லாத வண்டி.

உள்ளே போனாலும் கட்டடத்தைப் பார்க்கணும். 2025 ஜனவரி 3 அன்று விக்கிரவாண்டியில் ஒரு தனியார் பள்ளியின் கழிவுநீர்த் தொட்டிக்குள் விழுந்து எல்கேஜி குழந்தை இறந்தது. கள்ளக்குறிச்சி பிரிவதற்கு முன் அந்த ஊரும் நம்ம ஊரும் ஒரே மாவட்டம். அட்மிஷனுக்குப் போகும்போது ஸ்மார்ட் போர்டைக் காட்டுவார்கள். நீங்கள் கழிப்பறைக்குப் பின்னால் நடந்து போய், தொட்டி மூடி எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.

மலையில் இதெல்லாம் வேறு கணக்கு

சங்கராபுரத்தில் இருப்பவருக்கு நாலு ஸ்கூலில் எது என்பது குழப்பம். மேற்கே கல்வராயன் மலையில் வெள்ளிமலை, கரியாலூர் தாண்டி இருக்கும் சிற்றூர்களில் அந்தக் குழப்பத்துக்கே இடமில்லை. 1 கிலோமீட்டருக்குள் தனியார் பள்ளி இல்லாத ஊரில் ஆர்டிஇ 25 சதவீதம் வெறும் காகிதம். அங்கே இருக்கும் தேர்வு இரண்டுதான்: பக்கத்து ஊர்த் தொடக்கப் பள்ளி அல்லது பழங்குடியினர் நலத்துறையின் உண்டு உறைவிடப் பள்ளி. வேலைக்காக மாசக்கணக்கில் வெளியூர் போகும் பெற்றோர், 6 வயசுப் பிள்ளையை விடுதியில் விடுவதா, கூட்டிக்கொண்டு போய்ப் படிப்பை விடுவதா என்று யோசிக்கிறார்கள்.

விடுதிதான் முடிவு என்றால், இரவில் யார் தங்குகிறார்கள், பெண் பிள்ளைகளுக்குப் பெண் பணியாளர் இருக்கிறாரா, காய்ச்சல் வந்தால் யார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார்கள் என்ற மூன்றையும் சேர்க்கும் அன்றே கேட்கலாம். விடுதி வேண்டாம் என்றால், விடியற்காலையில் வேலைக்குக் கிளம்பும் வீடுகளுக்குக் காலை உணவுத் திட்டம் பெரிய உதவி. 2022 செப்டம்பர் 15-ல் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த திட்டம் அது. 1 முதல் 5 வரை படிக்கும் பிள்ளைகளுக்குக் கிடைக்கும்.

போகும்போது என்ன பார்ப்பது?

அட்மிஷன் மேளா நாளில் போகாதீர்கள். சாதாரண ஒரு செவ்வாய்க்கிழமை 11 மணிக்குப் போங்கள். தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 90 வரை 3, 120 வரை 4 என்பது சட்டம் சொல்லும் குறைந்தபட்சம். மழலையர் பிரிவுக்கு 20 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், ஓர் உதவியாளர் என்கிறது தேசியக் குழந்தைகள் உரிமை ஆணையத்தின் வழிகாட்டுதல். தலையை எண்ணினாலே போதும்.

அந்த ஸ்கூலில் 3-ஆம் வகுப்பு படிக்கும் தெருப் பிள்ளை யாராவது இருந்தால், 2-ஆம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். ‘அசர்’ ஆய்வு நாடு முழுக்கச் செய்வது ஏறக்குறைய இதைத்தான். அரசு, தனியார் இரண்டிலும் இதில் தடுமாறும் பிள்ளைகள் ஏராளம். ஸ்கூல் எப்படி என்பதை நோட்டீஸைவிட அந்த ஒரு பக்கம் நன்றாகவே சொல்லிவிடும்.

கட்டணம் என்றால், 2009-ல் வந்த சட்டப்படி தனியார் பள்ளிகளுக்குக் கட்டண நிர்ணயக் குழு தொகை நிர்ணயிக்கிறது. அந்த உத்தரவையும் அங்கீகார ஆணையையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். காட்டத் தயங்கினால் மாவட்டக் கல்வி அலுவலரிடம் (தனியார் பள்ளிகள்) கேட்கலாம். கல்வித் துறை உதவி எண் 14417, குழந்தைகள் உதவி எண் 1098.

ஆர்டிஇ-க்கு விண்ணப்பிக்கப்போகிறவர்கள் பிறப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்று ஆகியவற்றோடு வருமானச் சான்றிதழையும் முன்கூட்டியே எடுத்து வையுங்கள். வருமானச் சான்றிதழ் ஒரு வருஷம்தான் செல்லும். போன வருஷம் எடுத்ததை நம்பி இருந்துவிட்டு, ஏப்ரலில் இ-சேவை மையத்தில் கூட்டத்தோடு நிற்க வேண்டாம்.