அம்மாச்சியின் மூக்குத்தி எங்கே போனது?

அம்மாச்சி இறந்து ஓராண்டு நெருங்கியபோது, தலைத்திவசத்துக்கு மாட்ட நல்ல படம் ஒன்று வேண்டும் என்று அம்மா கேட்டார். அடையாள அட்டையில் இருக்கும் படம் சரிப்படாது. யாரோ அதட்டிய மறுநொடியில் எடுத்த முகம் அது. சிரித்த முகமாக எங்களிடம் இருந்தது ஒரே ஒரு படம்தான். உறவினர் கல்யாணத்தில், பந்தியில், இலைக்கு முன்னால் உட்கார்ந்து யாரையோ பார்த்துச் சிரிக்கிறார். பின்னால் சன்னல் வெளிச்சம் வெள்ளை வெளேரென்று. முகம் இருட்டு. பக்கத்தில் யாருடைய முழங்கையோ.

படம் திருத்த எனக்குத் தெரியாது. கைப்பேசியில் முதலில் கண்ணில் பட்ட செயலியை இறக்கினேன். ஏழு நாள் இலவசம் என்றது. ‘மேம்படுத்து’ என்ற பொத்தானை ஒரு தட்டுத் தட்டியதும் முகம் பளிச்சென்று வந்துவிட்டது. பெருமையாக அம்மாவிடம் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

“யாருடி இது?”

அப்புறம்தான் நானும் சரியாகப் பார்த்தேன். நிறம் இரண்டு மூன்று படி வெளுத்திருந்தது. கன்னத்துச் சுருக்கம் ஒன்றுகூட இல்லை. கையில் குத்தியிருந்த பச்சை மங்கிப்போயிருந்தது. மூக்குத்தியைக் காணோம். செயலி அதைப் பரு என்று நினைத்துத் துடைத்துவிட்டது. எட்டாம் நாள் கடன் அட்டையில் ஓராண்டுச் சந்தா 49 வெள்ளி ஏறியது தனிக்கதை. செயலியைக் கைப்பேசியிலிருந்து நீக்கினாலே சந்தாவும் நின்றுவிடும் என்று நினைத்திருந்தேன். நிற்காது. ஆப் ஸ்டோர் அல்லது கூகல் பிளேயில் ‘சப்ஸ்கிரிப்ஷன்’ பகுதிக்குள் போய்த் தனியாக ரத்து செய்ய வேண்டும்.

அதன் பிறகு இரண்டு மாதம் இரவு நேரங்களில் உட்கார்ந்து இலவசமாகவும் மலிவாகவும் கிடைப்பவற்றை ஒவ்வொன்றாகப் பழகிப் பார்த்தேன். நண்பர்கள் இப்போது என்னிடம் “எந்த சாஃப்ட்வேர் நல்லது?” என்று கேட்கிறார்கள். எந்தப் படம், அதில் என்ன குறை என்று திருப்பிக் கேட்கிறேன். அது தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. பெரும்பாலான குடும்பப் படங்களுக்கு வேண்டியது நான்கைந்து காரியங்கள்: வெட்டுவது, சாய்ந்ததை நிமிர்த்துவது, வெளிச்சம், நிறம், வேண்டாததை அழிப்பது. இவற்றுக்கு ஒரு காசும் தேவையில்லை.

முதல் பாடம் மென்பொருளில் இல்லை

என்னிடம் இருந்த படம் வாட்ஸ்அப்பில் வந்தது. 1600க்கு 1200 பிக்சல். அதில் அம்மாச்சியை மட்டும் வெட்டியெடுத்தால் 640க்கு 800தான் மிஞ்சியது. சுவரில் மாட்டும் 8ஆர் படம் 8க்கு 10 அங்குலம். அங்குலத்துக்கு 80 பிக்சல் என்றால் முகம் கட்டம் கட்டமாகத் தெரியும். அச்சுக்கு 300 இருந்தால் நல்லது. சுவரில் தள்ளி நின்று பார்க்கும் படத்துக்கு 200 போதும்.

படத்தை எடுத்த ஒன்றுவிட்ட தம்பியைப் பிடித்தேன். மூல கோப்பு அவன் கைப்பேசியில் அப்படியே இருந்தது, 4000க்கு 3000. “படமா அனுப்பாதடா, டாக்குமெண்டா அனுப்பு” என்றேன். ஆவணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் சுருக்காது. அதே இடத்தை வெட்டியபோது 1600க்கு 2000 கிடைத்தது. அங்குலத்துக்குச் சரியாக 200. உலகத்திலேயே விலை உயர்ந்த மென்பொருளை வாங்கியிருந்தாலும் அந்தச் சின்னக் கோப்பிலிருந்து இவ்வளவு வந்திருக்காது. வருவதுபோல் தெரிந்தால், அது இயந்திரம் கற்பனை செய்து வரைந்த முகமாக இருக்கும்.

வெளுப்பது அழகு என்று யார் சொன்னது?

நம் நிறத்தோடு படக்கருவிகளுக்கு இருக்கும் சிக்கல் பழையது. கோடாக் நிறுவனம் 1950களிலிருந்து படக்கடைகளுக்கு ஓர் அட்டை அனுப்பிவந்தது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண். அவர் நிறம் சரியாக வந்தால் இயந்திரம் சரியாக இருக்கிறது என்று பொருள். முதலில் அதில் இருந்த பெண்ணின் பெயரால் அதை ‘ஷெர்லி அட்டை’ என்றார்கள். கறுத்த தோல் சரியாகப் பதியவில்லை என்பதற்காக அது அவ்வளவு சீக்கிரம் மாறவில்லை. சாக்லெட் தயாரிப்பாளர்களும் மரச்சாமான் செய்பவர்களும் தங்கள் பொருளின் பழுப்பு வேறுபாடு படத்தில் தெரியவில்லை என்று முறையிட்டதும் அந்த மாற்றத்துக்கு ஒரு காரணம். மனிதர்களைவிடத் தேக்கு மேசைக்குச் செல்வாக்கு இருந்திருக்கிறது! 2021இல் கூகல் தன் பிக்சல் 6 கைப்பேசியில் ‘ரியல் டோன்’ என்று கறுத்த நிறங்களுக்காகத் தனியாக உழைத்ததாகச் சொல்லி விற்றது. அதுவரை என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று கேட்கத்தான் தோன்றுகிறது.

ஆகவே ஒரு மென்பொருளைத் தேர்ந்தெடுக்க நான் வைத்திருக்கும் முதல் சோதனை இது: உங்கள் வீட்டிலேயே கறுப்பான ஒருவரின் படத்தைக் கொடுத்துப் பாருங்கள். தானியங்கிப் பொத்தான் என்ன செய்கிறது? செய்ததைக் குறைக்கவோ ஒவ்வொன்றாகத் திரும்பப் பெறவோ வழி இருக்கிறதா? இல்லையென்றால் நீக்கிவிடுங்கள்.

வானொலியில் பேட்டியைத் தொகுக்கும்போதும் இப்படி ஒன்று உண்டு. பேசுபவர் மூச்சு விடும் சத்தத்தையெல்லாம் வெட்டிவிட்டால் குரல் சுத்தமாகத்தான் இருக்கும். ஆனால் ஆள் இருக்கமாட்டார்.

கைப்பேசி போதுமா?

பெரும்பாலோருக்குப் போதும். நான் கடைசியில் அம்மாச்சி படத்தைச் செய்தது ஸ்னாப்சீட் செயலியில்தான். 2011இல் வந்தது, மறு ஆண்டே கூகல் அதை உருவாக்கிய நிறுவனத்தை வாங்கியது. இலவசம், விளம்பரம் இல்லை. அதில் ‘செலக்டிவ்’ என்ற கருவி இருக்கிறது. முகத்தில் ஒரு புள்ளி வைத்து, அந்த இடத்தின் வெளிச்சத்தை மட்டும் கூட்டலாம். படம் முழுவதையும் வெளிச்சமாக்கினால் பின்னாலிருக்கும் சன்னல் இன்னும் எரியும், தோலும் சாம்பல் பூத்துப்போகும். முகத்தை மட்டும், அதுவும் கொஞ்சமாக உயர்த்தினால் கறுப்பு கறுப்பாகவே இருந்து கண் மட்டும் தெளியும்.

நிறத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். படத்தில் உண்மையில் வெள்ளையாக இருக்கும் பொருள் எது என்று தேடுங்கள். அங்கே அது சித்தப்பாவின் வேட்டி. மண்டப விளக்கில் மஞ்சளாகத் தெரிந்தது. ‘ஒயிட் பேலன்ஸ்’ கருவியை அந்த வேட்டியில் வைத்ததும் மஞ்சள் போய், அம்மாச்சியின் நிறம் தானாகத் திரும்பியது. இதைச் செய்யுமுன் உங்கள் திரையின் இரவு நேர மஞ்சள் ஒளி அமைப்பை அணைத்துவிடுங்கள். நான் அணைக்காமல் ஒரு வாரம் உழைத்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் எல்லோரும் நீலமாக இருந்தார்கள்.

முழங்கையை எடுக்க கூகல் போட்டோஸில் இருக்கும் ‘மேஜிக் இரேசர்’ உதவியது. 2024 மே மாதத்திலிருந்து அது எல்லாருக்கும் இலவசம். அது போகும் இடத்தை இயந்திரமே ஊகித்து நிரப்புகிறது. சுவர், திரைச்சீலை என்றால் பரவாயில்லை. முகத்தின் மீது மட்டும் அதைப் பயன்படுத்த நான் சம்மதிக்கமாட்டேன். சில செயலிகள் படத்தைத் தங்கள் கணினிக்கு அனுப்பித்தான் திருத்துகின்றன என்பதையும் பிள்ளைகளின் படங்களை ஏற்றுமுன் நினைவில் வையுங்கள்.

கணினியில் செய்ய விரும்பினால்

அலுவலகத்தில் சுவரொட்டி, சங்கத்துக்கு அழைப்பிதழ், இணையத்தில் விற்கும் பொருளின் படம் என்று வேலை வந்தால் பெரிய திரை வேண்டும். படத்தின் மேல் படம் அடுக்கும் ‘லேயர்’ வசதியும் வேண்டும். இங்கேதான் எல்லாரும் ஃபோட்டோஷாப் என்கிறார்கள். 1990இல் வந்தது, இன்றும் துறையின் மொழி அதுதான். வேலைக்காகக் கற்பவர் அதைக் கற்கட்டும். ஆனால் 2013இல் அடோபி சந்தா முறைக்கு மாறியது. வருடத்துக்கு நான்கு படம் திருத்துபவர் மாதாமாதம் கட்டுவது வீண். மாதம் 15 வெள்ளி என்று வைத்துக்கொண்டால் ஐந்து ஆண்டில் 900 வெள்ளி. அந்தப் பணத்துக்கு நல்ல லென்ஸ் ஒன்று வாங்கலாம்.

சந்தா எடுத்தே ஆகவேண்டும் என்றால் ஒன்றை மட்டும் படியுங்கள்: மாதச் சந்தாவா, அல்லது மாதாமாதம் கட்டும் ஆண்டுச் சந்தாவா? இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். இரண்டாவதை இடையில் நிறுத்தினால் அபராதம் வரலாம். இந்த அபராதத்தைத் தெளிவாகச் சொல்லவில்லை என்று குற்றஞ்சாட்டி அமெரிக்க அரசு 2024 ஜூனில் அடோபிமீது வழக்குத் தொடுத்தது. ஒரே முறை பணம் கட்டும் எலிமெண்ட்ஸ் என்ற சிறிய மென்பொருளும் 2025ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து மூன்றாண்டு உரிமமாகிவிட்டது. பெட்டியில் வாங்கிவந்து பத்து வருடம் ஓட்டிய காலம் போயிற்று.

இலவசத்தில் மூத்தது ஜிம்ப். பெர்க்லி பல்கலைக்கழக மாணவர் இருவர் தொடங்கி, 1996இல் வெளிவந்தது. முகம் கொஞ்சம் கரடுமுரடு. நான் முதல் நாள் திறந்து அரைமணி நேரத்தில் மூடிவிட்டேன். 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பில் வடிகட்டிகளைப் போட்ட பிறகும் மாற்றிக்கொள்ள முடிகிறது. அதற்குப் பிறகு நாங்கள் ராசியாகிவிட்டோம். தேடுபொறியில் மேலே வரும் விளம்பரத்தைத் தொட்டு இறக்காதீர்கள், ஜிம்ப் டாட் ஆர்க் என்ற அதன் சொந்தத் தளத்துக்கே போங்கள்.

அஃபினிட்டி இன்னும் பழக எளிது. விலைக்கு விற்றுக்கொண்டிருந்த பிரிட்டிஷ் மென்பொருள் அது. 2024இல் கேன்வா வாங்கியது, 2025 அக்டோபரில் இலவசமாக்கிவிட்டது. கேன்வா கணக்கு மட்டும் வேண்டும். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளுக்குத்தான் காசு. புதிதாகத் தொடங்கும் ஒருவருக்கு இன்று நான் சொல்வது இதைத்தான், ஒரு தயக்கத்தோடு: இலவசமாக்கிய கையே நாளை மாற்றியும் எழுதலாம். வேலை முடிந்ததும் ஜேபெக் அல்லது டிஃப் ஆகவும் ஒரு பிரதி சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அலுவலகக் கணினியில் எதையும் நிறுவ முடியாதவர்களுக்கு ஃபோட்டோபியா இருக்கிறது. உலாவியிலேயே திறக்கும், ஃபோட்டோஷாப் கோப்பையும் படிக்கும். படம் உங்கள் கணினியைவிட்டு வெளியே போவதில்லை. ஓரத்தில் விளம்பரம் ஓடும், அவ்வளவுதான்.

கேமரா வைத்திருப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். கேனன், நிக்கான், சோனி நிறுவனங்கள் தங்கள் ‘ரா’ கோப்புகளைத் திருத்தும் மென்பொருளை இலவசமாகவே தருகின்றன. கேமராவுக்குப் பணம் கட்டியபோதே அதற்கும் கட்டியாயிற்று. அதைத் திறந்துகூடப் பார்க்காமல் சந்தாவுக்குப் போவானேன்? அது போதாது என்று தோன்றும்போது டார்க்டேபிள் பக்கம் போகலாம். அதுவும் இலவசம்தான், ஆனால் ஒரு பள்ளி விடுமுறை முழுவதையும் தின்றுவிடும்.

எதைப் பயன்படுத்தினாலும் மூலப்படத்தின் மேலேயே சேமிக்காதீர்கள். ஜேபெக் கோப்பைத் திருத்தித் திருத்திச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் தரம் கொஞ்சம் தேயும். பிரதி எடுத்து, பிரதியில் விளையாடுங்கள். என்னைப்போல் ஆறு முறை கெடுத்தாலும் ஏழாவது முறைக்குப் படம் இருக்கும்.

ஏழாவது முறை செய்ததை 8ஆர் அளவில் அச்சடித்து, சட்டம் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மா உடனே முகத்தைப் பார்க்கவில்லை. விரலால் மூக்குத்தியைத் தொட்டார், பிறகு கையில் இருந்த பச்சையை. சந்தனம் குழைத்துக் கண்ணாடிமேல் பொட்டு வைத்துவிட்டு உள்ளே போனவர், ஒரு பிளாஸ்டிக் பையோடு திரும்பி வந்தார். அதில் என் தாத்தாவின் பழைய படம் ஒன்று. ஈரம் பட்டு ஒரு மூலை கரைந்து, மீசையில் பாதி இல்லை.

“இதையும் ஏதாச்சும் பண்ண முடியுமாடி?”