குழாய்க்கு வழி சொன்ன மூங்கில்

திப்பு சுல்தானின் ராக்கெட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இரும்புக் குழாயோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்தப் புகழ் நியாயமானதுதான். ஐரோப்பாவில் அன்று வாணங்களைக் காகித அட்டையில் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். மைசூர்க் கொல்லர்கள் வெடிமருந்தை இரும்புக்குள் திணித்தார்கள். அட்டை தாங்காத அழுத்தத்தை இரும்பு தாங்கியது. அதனால் வாணம் ஒரு கிலோமீட்டரையும் தாண்டிப் பறந்தது. ஆனால் அந்தக் குழாயை மட்டும் தனியாகக் கொளுத்திப் போட்டால் எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அது திசைமாறாமல் போனதற்குக் காரணம், அதன் பக்கவாட்டில் தோல் வாரால் கட்டிய ஒரு கழி.

சிவகாசி ராக்கெட்டின் குச்சியை ஒடித்துவிட்டுப் பாட்டிலில் வைத்துப் பற்றவைத்தால் என்ன ஆகும் என்பது தீபாவளி கொண்டாடிய எல்லோருக்கும் தெரியும். பின்வாயில் பீறிடும் வாயு குழாயின் நட்டநடு மையத்தைத் துல்லியமாகத் தள்ளுவதே இல்லை. சிறிதளவு விலகினாலும் குழாய் சுழலத் தொடங்கிவிடும். பின்னால் நீண்டிருக்கும் குச்சியோ அவ்வளவு எளிதில் திரும்பாது. முனை விலகப் பார்த்தால் குச்சியின் மேல் மோதும் காற்று வாலைத் தள்ளிப் பழைய பாதைக்கே கொண்டுவரும்.

அதற்காகக் கைக்குக் கிடைத்த கழியைக் கட்டிவிட முடியாது. குட்டையானால் வாணம் புரளும். நீளமோ கனமோ கூடினால் தூரம் போகாது. பச்சை மூங்கில் கனம். காயக் காய வளையவும் செய்யும், வளைந்த கழி வாணத்தையும் வளைத்துக்கொண்டு போகும். வாணம் கட்டுகிறவர்களிடம் இதற்கு ஒரு பழைய கைக்கணக்கு உண்டு: கழியைக் கட்டிய பிறகு, குழாயின் வாய்க்குச் சற்றுப் பின்னால் விரலை வைத்துத் தூக்கினால் இரு பக்கமும் சமமாக நிற்க வேண்டும். நிற்கவில்லையென்றால் கழியைச் சீவ வேண்டும், இல்லாவிட்டால் வேறு கழிக்கு மாற்ற வேண்டும். இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. மருந்து எரிய எரிய முன்பக்கம் லேசாகிக்கொண்டே வரும், சமநிலைப் புள்ளி பின்னால் நகரும். புறப்படும்போது சரியாக இருந்த கழி, பாதி வழியில் போதாமல் போகலாம்.

திப்புவின் தலைநகரான ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கைவினைஞர்கள் இதை எப்படித் தீர்த்தார்கள் என்பதை அளந்து பார்க்கவே வழி இருக்கிறது. இங்கிலாந்தின் வூல்விச் பீரங்கிப்படை அருங்காட்சியகத்துக்குப் போன இரண்டு மைசூர் வாணங்களின் அளவுகளை விண்வெளி அறிவியலாளர் ரொத்தம் நரசிம்மா தம் ஆய்வில் தந்திருக்கிறார். ஒன்றின் குழாய் 7.8 அங்குல நீளம், 1.5 அங்குல விட்டம். அதோடு 6 அடி 3 அங்குல மூங்கில் கழி. குழாயைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு நீளம்! மற்றொன்று பெரியது, 10 அங்குல நீளம், 2.3 அங்குல விட்டம். அதில் கட்டியிருப்பது மூங்கில் அல்ல, 3 அடி 4 அங்குல நேரான வாள் அலகு.

இரண்டிலும் கட்டு தோல் வார்தான். பச்சைத்தோல் காயும்போது சுருங்கி, கட்டியதைக் கவ்விக்கொள்ளும். ஆணியோ திருகோ தேவையில்லை. மூங்கிலுக்குப் பதில் வாளை வைத்தவர்கள் நீளத்தைக் குறைத்துவிட்டதைக் கவனிக்க வேண்டும். இரும்பு அலகை ஆறடிக்கு நீட்டியிருந்தால் அந்தக் குழாயால் அதைத் தூக்கிக்கொண்டு வெகுதூரம் போயிருக்க முடியாது. மூங்கில் உள்ளே பொள்ளல், கணுக்குக் கணு உறுதி. தூரம் வேண்டுமென்றால் அதுதான் சரி. வாள் கட்டிய வாணமோ வேறொரு வேலைக்கு: வேகம் தளர்ந்து கீழே வரும்போது அலகு சுழன்று, கூட்டமாக நிற்கும் படையை வெட்டும். பறக்கும்போது வழிகாட்டியாக இருந்ததே இறங்கும்போது ஆயுதமாகியது. கொடூரமான யோசனைதான், ஆனாலும் எடை, நீளம், தூரம் மூன்றையும் தெரிந்தவர்களின் யோசனை.

    

மைசூர் வாணத்தின் வலிமையைத் தமிழ் மண் நேரில் பார்த்திருக்கிறது. 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் கர்னல் வில்லியம் பெய்லியின் கும்பினிப் படையை ஹைதர் அலியும் திப்புவும் முறியடித்தார்கள். பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தது போரின் போக்கையே மாற்றியது. வாணம்தான் அதற்குக் காரணம் என்பது நெடுநாள் வழக்கு, பீரங்கிக் குண்டு என்பவர்களும் உண்டு. அந்த வண்டி வெடிக்கும் காட்சியையும், பல்லக்கில் இருக்கும் பெய்லியையும் ஸ்ரீரங்கப்பட்டணம் தரியா தௌலத் மாளிகையின் சுவர் ஓவியத்தில் இன்றும் பார்க்கலாம். பெய்லி சிறைப்பட்டு 1782-ல் அதே ஊரில் இறந்தார்.

1799 ஏப்ரல் 5 இரவு, ஸ்ரீரங்கப்பட்டணம் கோட்டைக்கு வெளியே சுல்தான்பேட்டைத் தோப்புக்குள் நுழைந்த ஆர்தர் வெல்லெஸ்லியின் படை, வாணங்களும் துப்பாக்கிக் குண்டுகளும் பொழிய இருட்டில் சிதறிப் பின்வாங்கியது. பின்னாளில் நெப்போலியனை வாட்டர்லூவில் வென்ற அதே வெல்லெஸ்லிதான். மறுநாளே தோப்பு பிடிபட்டது. மே 4-ல் கோட்டை விழுந்தது, திப்பு மாண்டார். கோட்டைக்குள் இருந்த வெடிமருந்துக் கிடங்குகளில் சில இன்னும் நிற்கின்றன. ரயில் பாதையை இரட்டிப்பாக்க வழிவிட்டு, அதில் ஒன்றை 2017-ல் அடியோடு பெயர்த்து நூறு மீட்டருக்கும் அப்பால் நகர்த்தி வைத்தார்கள்.

பிடிபட்ட வாணங்கள் கப்பலேறின. அவற்றிலிருந்து தொடங்கி வில்லியம் காங்ரீவ் இங்கிலாந்தில் தன் ராக்கெட்டுகளைச் செய்தார். 1807-ல் கோபன்ஹேகன் நகரம் அவற்றால் எரிந்தது. குழாயைப் பெரிதாக்குவது அவருக்குச் சிரமமாக இல்லை, குச்சிதான் படாதபாடு படுத்தியது. அவருடைய 32 பவுண்டு ராக்கெட்டுக்கு 15 அடி மரக்கழி தேவைப்பட்டது. பக்கவாட்டில் கட்டிய கழி ராக்கெட்டை ஒரு பக்கமாகவே இழுத்ததால், 1815 வாக்கில் அதை அடித்தட்டின் நடுவில் திருகி மாட்டி, சுற்றிலும் துளைகள் வழியே வாயு வெளியேறும்படி மாற்றினார். 1844-ல் வில்லியம் ஹேல், வாயுவைக்கொண்டே ராக்கெட்டைச் சுழலவைத்து, கழியே இல்லாமல் நேராகப் பறக்கச் செய்தார். மைசூர் தொடங்கிய கணக்குக்கு வேறு விடை கிடைக்க அரை நூற்றாண்டு ஆகியிருக்கிறது.

அமெரிக்காவின் வாலப்ஸ் தீவு ஏவுதளத்தில் திப்புவின் வாணப் படையைக் காட்டும் ஓவியத்தைக் கண்டு பெருமிதம் கொண்டதை அப்துல் கலாம் 'அக்னிச் சிறகுகள்' நூலில் பதிவு செய்திருக்கிறார். ஓவியத்தை விடவும் நெருக்கமான சான்று பக்கத்திலேயே இருக்கிறது. சிவமொக்கா மாவட்டம் நகரா கிராமத்தில், 2018-ல் ஒரு பாழுங்கிணற்றிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாணக் குழாய்களைத் தொல்லியல் துறையினர் எடுத்தார்கள். துருவேறிய அந்தக் குழாயை மட்டும் பார்க்கிற பள்ளிப் பிள்ளைக்கு அது பழைய இரும்புத் துண்டாகவே தோன்றும். உலர்ந்த நேர் மூங்கில் ஒன்றை அளவாக வெட்டி, மாதிரிக் குழாயோடு தோல் வாரால் கட்டி, சமநிலைப் புள்ளியில் தொங்கவிட்டுப் பக்கத்திலேயே வைக்கலாம். அருங்காட்சியகங்களுக்கு அதற்குப் பெரிய செலவு ஆகாது.