ஊசிக்கே முதல் செலவு

பரணில் பழைய எல்.பி. தட்டுகள் கிடக்கின்றன. அவற்றைப் போட்டுக் கேட்க ஒரு ரெக்கார்ட் பிளேயர் வேண்டும், ஆனால் கையில் பெரிய தொகை இல்லை. இந்த நிலையில் தேடத் தொடங்குகிறவர் கண்ணில் முதலில் படுவது சூட்கேஸ் வடிவப் பிளேயர். மூடியைத் திறந்தால் போதும், ஸ்பீக்கரும் உள்ளேயே இருக்கிறது, விலையும் குறைவு. அதை வாங்க வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். காரணம் அதன் ஊசி.

12 அங்குல எல்.பி.யின் ஒரு பக்கத்தில் இருப்பது ஒரே ஒரு பள்ளம்தான். விளிம்பில் தொடங்கி நடுவரை சுருண்டு போகும் அதை நீட்டிப் போட்டால் ஏறக்குறைய அரை கிலோமீட்டர் வரும். அகலம் ஒரு தலைமுடி அளவு. அதன் இரண்டு சுவர்களும் செங்கோணத்தில் சந்திக்கின்றன. ஸ்டீரியோ தட்டில் உள்சுவர் இடது பக்க ஒலியையும் வெளிச்சுவர் வலது பக்க ஒலியையும் சுமக்கிறது. வைர ஊசி இரண்டு சுவர்களையும் தொட்டபடி ஓடி, அவற்றின் நெளிவுகளுக்கு ஏற்ப நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை அசைகிறது. முனை தொடும் இடம் அவ்வளவு சிறியது என்பதால், ஊசி மேல் கூடும் ஒவ்வொரு கிராமும் அங்கே பெரும் அழுத்தமாகிவிடுகிறது.

சூட்கேஸ் பிளேயர்களில் பெரும்பாலும் இருப்பது செராமிக் கார்ட்ரிட்ஜ். ஊசி அசைய அசைய, சின்னஞ்சிறு செராமிக் துண்டு ஒன்று வளைந்து மின்சாரம் தருகிறது. சிக்னல் வலுவாகக் கிடைப்பதால் மலிவான ஆம்ப்ளிஃபையரே போதும். ஆனால் ஊசியை 5 கிராம் அளவுக்கு அழுத்தியாக வேண்டும். காந்தம் அசைந்து கம்பிச் சுருளில் மின்சாரம் உண்டாக்கும் மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜுக்கு 2, 3 கிராம் போதும். கனத்த ஊசி முதலில் அரித்துத் தின்பது மிக நுண்ணிய நெளிவுகளை, அதாவது உச்ச ஒலிகளை. பாடகரின் ‘ஸ’ கரகரக்கும், ஜால்ராவின் மினுக்கம் போய்விடும். எம்.எஸ். பாடி 1963-இல் வந்த சுப்ரபாதத் தட்டு ஒரு வீட்டில் அந்தக் காலத்துக் கனத்த ஊசியில் தினமும் ஓடியிருந்தால், அந்தத் தேய்மானம் இன்றைக்கும் காதில் விழும். பள்ளம் தேய்ந்தால் தேய்ந்ததுதான், எந்த நல்ல பிளேயரும் அதை மீட்டுத் தராது.

ஆகவே குறைந்த பணத்தில் வாங்கினாலும் இரண்டு விஷயங்களில் விட்டுக்கொடுக்கக் கூடாது. கார்ட்ரிட்ஜ் மூவிங் மேக்னட்டாக இருக்க வேண்டும், தேய்ந்த ஊசியைக் கழற்றிப் புதிதாகப் போட முடிய வேண்டும். புதிதாக வாங்குகிறவர்களுக்கு ஆடியோ டெக்னிகாவின் ஏ.டி.-எல்.பி.60எக்ஸ் நல்ல முதல் படி. ஊசியின் அழுத்தம் தொழிற்சாலையிலேயே சரிசெய்யப்பட்டிருக்கும், பட்டனை அழுத்தினால் ஊசியைத் தாங்கும் கை (டோன் ஆர்ம்) தானே போய்த் தட்டில் இறங்கும். கார்ட்ரிட்ஜை மட்டும் வேறு வகைக்கு மாற்ற முடியாது. தொடக்கத்தில் அது ஒரு குறையே அல்ல.

அடுத்தது ஃபோனோ ப்ரீஆம்ப். இதைத் தவிர்க்க முடியாது. மூவிங் மேக்னட் தருவது சில மில்லிவோல்ட் மட்டுமே, அதைப் பெருக்கியாக வேண்டும். அதோடு, தாழ்ந்த ஒலிகளை அப்படியே வெட்டினால் பள்ளம் அகன்று பக்கத்துப் பள்ளத்தில் மோதும் என்பதால், பதியும்போதே அவற்றைக் குறைத்து, உச்ச ஒலிகளைக் கூட்டி வெட்டுகிறார்கள். கேட்கும்போது அதைத் திருப்பிப் போட வேண்டும். எவ்வளவு குறைப்பது, எவ்வளவு கூட்டுவது என்பதற்கு 1954-இல் வந்த ஆர்.ஐ.ஏ.ஏ. அளவுகோல்தான் இன்றும் நடப்பில் இருக்கிறது. ப்ரீஆம்ப் இல்லாமல் நேரே ஸ்பீக்கரில் சொருகினால் பாட்டு கொசு ரீங்காரம்போல் மெலிந்து கேட்கும். எல்.பி.60எக்ஸில் இது உள்ளேயே இருக்கிறது. வீட்டில் பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர் இருந்தால் அதன் பின்பக்கம் ‘ஃபோனோ’ என்று எழுதிய துளை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஒரு செலவு மிச்சம். ஆம்ப்ளிஃபையரே இல்லையென்றால், ப்ரீஆம்ப் உள்ளேயே இருக்கும் பிளேயரோடு கம்ப்யூட்டருக்கு வைத்திருக்கும் பவர்டு ஸ்பீக்கர் இப்போதைக்குப் போதும். பிளேயர் நிற்கும் பலகையில் ஸ்பீக்கரை மட்டும் வைக்காதீர்கள். அதிர்வு ஊசிக்கு ஏறி, ஒலி இரைச்சலாகிவிடும்.

செகண்ட் ஹேண்டில் இதே பணத்துக்கு மேலான பிளேயர் கிடைக்கும், பார்க்கத் தெரிந்தால். ஜப்பானிலிருந்து வந்தவை 100 வோல்ட்டுக்குச் செய்தவை, டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அதைவிட முக்கியம் மோட்டார். ஜப்பானின் ஒரு பகுதியிலும் அமெரிக்காவிலும் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், நமக்கு 50. மின்சாரத்தின் அதிர்வெண்ணையே நம்பிச் சுழலும் பழைய ஏ.சி. மோட்டார் இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். ஐந்து கட்டையில் பாடியவர் மூன்று கட்டைக்கு இறங்கிவிடுவார். டிரான்ஸ்ஃபார்மர் இதைச் சரிசெய்யாது, 50 ஹெர்ட்ஸுக்கான புல்லி வேண்டும். டி.சி. மோட்டாருக்கு இந்தச் சிக்கல் இல்லை. வாங்குமுன் நாதஸ்வரத்தின் நீண்ட ஸ்வரம் ஒன்றைப் போட்டுக் கேளுங்கள். அது அலைந்தால் பெல்ட் தளர்ந்திருக்கலாம். பெல்ட் மாற்றுவது எளிது. டோன் ஆர்மின் தாங்கி ஆடினால் வாங்கவே வேண்டாம்.

இத்தகைய பழைய பிளேயரில் ஊசியின் அழுத்தத்தை நாம்தான் சரிசெய்ய வேண்டும். ஊசி எதன் மேலும் படாமல் பார்த்துக்கொண்டு, டோன் ஆர்மின் பின்முனையில் உள்ள எடையை மெல்லத் திருகுங்கள். கை மேலேயும் போகாமல் கீழேயும் சாயாமல் கிடையாக மிதக்கும் ஒரு நிலை வரும். அங்கே டயலைச் சுழியில் வைத்து, கார்ட்ரிட்ஜுக்குக் குறித்த கிராம் வரை எடையையும் டயலையும் சேர்த்துத் திருப்புங்கள். தட்டுக்கு நல்லதென்று அதற்கும் குறைவாக வைப்பவர்கள் உண்டு. அது தவறு. போதிய எடை இல்லாத ஊசி பலத்த ஒலிகளில் பள்ளத்தை விட்டுத் துள்ளும், விழும்போது சுவரைக் கொத்தும்.

78 வேகத்தில் சுழலும் தட்டுகள் வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். எல்.பி. ஊசியின் முனையைவிட நான்கு மடங்கு பருமனான முனை அவற்றுக்குத் தேவை. எல்.பி. ஊசி அந்த அகன்ற பள்ளத்தின் அடியில் இறங்கி அழுக்கில்தான் ஓடும். எல்.பி.60எக்ஸில் 78 வேகமே கிடையாது. மூன்று வேகமும் 78-க்கான ஊசி மாட்டும் வசதியும் உள்ள பிளேயர் கிடைக்கும்வரை அந்தத் தட்டுகள் உறையிலேயே இருக்கட்டும். துடைப்பதானால் ஆல்கஹால் கலந்த திரவம் மட்டும் கூடாது. அவை அரக்கில் செய்தவை, கரைந்துவிடும்.