தருமபுரி நடுகல் வாசகங்களும் ஆங்கிலச் சார்புத்தொடர்களும்: ஓர் ஒப்புநோக்கு

ஆய்வுச்சுருக்கம்

ஆங்கிலக் கலவை வாக்கியத்தில் சார்புத்தொடர் எழுவாயும் வினையும் பெற்று நிற்கும். தமிழில் அப்பணியைப் பெரும்பாலும் எச்சங்களே செய்கின்றன. தருமபுரி வட்டார நடுகல் வாசகங்களை ஆங்கிலமாக்கும்போது இவ்வேறுபாடு பொருள் முடிவுகளையே பாதிப்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: சார்புத்தொடர், பெயரெச்சம், வினையெச்சம், நடுகல், மொழிபெயர்ப்பு.

முன்னுரை

பழந்தகடூர்ப் பகுதியான தருமபுரி, 1965ஆம் ஆண்டு சேலம் மாவட்டத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. 2004இல் அதிலிருந்து கிருட்டிணகிரி பிரிந்தது. நடுகற்கள் மிகுதியாகக் கிடைக்கும் தமிழக நிலப்பகுதிகளுள் இது குறிப்பிடத்தக்கது. தருமபுரி அரசு அகழ்வைப்பகத்திலும் நடுகற்கள் பல காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன. அண்டைப் பகுதியான செங்கத்தின் நடுகல் வாசகங்களை 1972இல் தொகுத்து வெளியிட்ட தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை, தருமபுரிக் கல்வெட்டுகளையும் தொகுதியாக்கியுள்ளது. இவ்வாசகங்கள் அளவிற் சிறியவை. எனினும் அவற்றின் தொடரமைப்பு செறிவானது.

ஆங்கிலச் சார்புத்தொடரின் இயல்பு

ஆங்கிலச் சார்புத்தொடர் தனித்து நின்று பொருள் முடிவு பெறாது; முதன்மைத்தொடரைச் சார்ந்தே நிற்கும். அது பெயராகவோ, பெயரடையாகவோ, வினையடையாகவோ பயன்படும். 'தட்', 'ஹூ', 'விச்', 'வென்', 'பிகாஸ்', 'இஃப்', 'ஆல்தோ' போன்ற சொற்கள் அதன் தொடக்கத்தில் நின்று சார்பினை அறிவிக்கின்றன. உள்ளிருக்கும் வினை காலம் காட்டும். தனக்கென ஓர் எழுவாயையும் வேண்டும்.

தமிழிலோ சார்பினை உணர்த்தும் உறுப்பு பெரும்பாலும் வினையின் ஈற்றில் அமைகிறது. 'வந்தபோது', 'வந்தால்', 'வந்தாலும்' என்பவற்றில் சார்புப்பொருள் இறுதியிலேயே வெளிப்படுகிறது. எழுவாய் வெளிப்படாமல் நிற்பதும் இயல்பே. ஆங்கிலத்தில் பெயரடைச் சார்புத்தொடர் பெயருக்குப் பின் வரும். தமிழ்ப் பெயரெச்சம் பெயருக்கு முன் வரும்.

பெயரெச்சத்தின் அறுவகை உறவு

செய்த, செய்யும் என்னும் பெயரெச்சங்கள் இடம், செயப்படுபொருள், காலம், கருவி, வினைமுதல், வினை ஆகிய ஆறு பொருட்கும் ஒப்ப உரியன என்பது தொல்காப்பிய வினையியல் கூறும் கருத்து. வெட்டிய ஆள், வெட்டிய மரம், வெட்டிய அரிவாள், வெட்டிய நாள், வெட்டிய இடம், வெட்டிய வெட்டு என ஆறிடத்தும் எச்சவடிவம் மாறவில்லை. உறவு எதுவென்பதைக் கொண்டு முடியும் பெயரே உணர்த்துகிறது. ஆங்கிலம் இவ்வுறவுகளை இணைப்புச் சொற்களால் பிரித்துக் காட்டும். ஆளுக்கு 'ஹூ', மரத்திற்கு 'விச்', அரிவாளுக்கு 'வித் விச்', நாளுக்கு 'வென்', இடத்திற்கு 'வேர்' என அவை வேறுபடும். எனவே மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொல்லப்படாத உறவொன்றை ஆங்கிலத்தில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டியவராகிறார்.

நடுகல் வாசகத்தின் தொடரமைப்பு

ஆநிரைப் பூசலைக் குறிக்கும் நடுகற்களின் பொதுவான அமைப்பைப் பின்வருமாறு மாதிரியாகக் காட்டலாம்: இன்ன அரசர்க்கு இத்தனையாவது யாண்டு, இன்னாரின் சேவகன் இன்னான், இவ்வூர்த் தொறுக்கொண்ட ஞான்று தொறு மீட்டுப் பட்டான் கல். தொறு என்பது ஆநிரை. ஞான்று என்பது காலம். பட்டான் என்பது இறந்துபட்டவன். இம்மாதிரியில் மூன்று நிலைகள் நோக்கத்தக்கன.

முதலாவது, 'கொண்ட ஞான்று' என்பது காலப்பெயர் கொண்டு முடிந்த பெயரெச்சத்தொடர். ஆங்கிலத்தில் இது 'வென்' எனத் தொடங்கும் சார்புத்தொடராகும். அங்கு ஆநிரையைக் கொண்டவர் யார் என்னும் வினா எழுகிறது. முன்னுள்ள வீரன் பெயரையே எழுவாயாக்கினால் அவன் ஆநிரை கவர்ந்தவனாகிறான். செயப்பாட்டு வினையில் 'வென் தி கேட்டில் வெர் டேக்கன்' என அமைத்தால் கவர்ந்தவர் யாரென்பது திறந்தே நிற்கும். வெட்சி வீரர்க்கும் கரந்தை வீரர்க்கும் கல் எடுக்கும் வழக்கு உண்டாதலின், இத்தேர்வு வரலாற்று முடிவாகவே அமைந்துவிடும்.

இரண்டாவது, 'மீட்டு' என்னும் வினையெச்சம். செய்து என்னும் வாய்பாட்டு எச்சம் வினைமுதல் வினைகொண்டு முடியும் என்பது இலக்கண மரபு. ஆகவே மீட்டவனும் பட்டவனும் ஒருவனே. அவன் கரந்தை வீரன் என்பது உறுதியாகிறது. இச்சொல் இன்றி 'தொறுக்கொண்ட ஞான்று பட்டான்' என்று மட்டும் வரும் வாசகத்தில் அவ்வுறுதி இல்லை. மேலும் 'மீட்டு' என்பதை 'ஆஃப்டர்' கொண்டு பெயர்த்தால் ஆநிரை மீண்டது; 'வைல்' கொண்டு பெயர்த்தால் மீட்பு முற்றுப்பெறாதிருக்கவும் கூடும். செய்து என்னும் எச்சம் இறந்தகாலம் காட்டுதலின் முன்னதே பொருந்தும்.

மூன்றாவது, 'பட்டான் கல்' என்பது பட்டவனது கல் எனப் பொருள்படுமாயின், 'பட்டான்' வினையாலணையும் பெயராகும். அவ்வாறு கொண்டால் வாசகம் முழுவதும் பெயர்த்தொடராகவே முடிகிறது; அதில் வினைமுற்று இல்லை. ஆங்கிலத்தில் 'தி ஸ்டோன் ஆஃப் ஹிம் ஹூ ஃபெல்' என்று வரும்போது வீரனின் இறப்பு சார்புத்தொடருள் அடங்கிவிடுகிறது. 'ஹீ ஃபெல்' என முதன்மைத்தொடராக்கினால் இறப்பு முதன்மை பெறும், கல் பின்தங்கும். நினைவுச்சின்னம் தன்னையே சுட்டி நிற்கும் இயல்பைக் காக்க முன்னைய வடிவமே ஏற்றது.

முடிவுரை

ஆங்கிலச் சார்புத்தொடர் எழுவாயையும் உறவையும் வெளிப்படுத்தக் கோருகிறது. தமிழ் எச்சத்தொடர் அவற்றைச் சூழலுக்கு விட்டுவைக்கிறது. நடுகல் வாசகங்களை ஆங்கிலப் பெயர்ப்பின் வழியே மட்டும் அறியும் ஆய்வாளர், பெயர்ப்பாளரின் ஊகத்தைக் கல்லின் சான்றாகக் கொள்ள நேரும். எழுவாய் ஐயத்திற்கு இடமாகுமிடத்துச் செயப்பாட்டு வடிவைக் கொள்வதும், எச்சங்களை இலக்கண வகை சுட்டி விளக்குவதும் இக்குறையைத் தவிர்க்கும். கல்லூரி வகுப்பறையில் ஆங்கிலச் சார்புத்தொடரைக் கற்பிப்போரும் மாணவர் அறிந்த பெயரெச்சம், வினையெச்சம் ஆகியவற்றிலிருந்து தொடங்கினால் இருமொழி அமைப்பும் ஒருங்கே தெளிவுறும்.