குளிர்ச்சி கூறும் கணக்கு

புணே விமான் நகரில் வாழும் நம் அன்பர் ஒருவர் இதய நோயுற்றார் எனக் கொள்வோம். அவர் இதயம் நிமிடத்திற்கு எத்துணை இரத்தம் செலுத்துகிறது என்பதை மருத்துவர் எங்ஙனம் அறிவார்?

மெல்லிய குழாயொன்றைச் சிரை வழியே இதயத்துள் செலுத்தி, குளிர்ந்த உப்புநீர் 10 மில்லிலிட்டரை வலப்புற மேலறையில் விடுவார். அது கலந்த இரத்தம் நுரையீரல் தமனியில் ஒரு பாகைக்கும் குறைவாகவே குளிரும். குழாய் நுனியிலுள்ள ‘தெர்மிஸ்டர்’ என்னும் சிறு மணியின் மின்தடை வெப்பநிலைக்கேற்ப மாறுவதால், அந்நுண்ணிய வேறுபாடும் பதிவாகும். ஓட்டம் மிகுந்தால் குளிர்ச்சி சிறிதாய் விரைவில் மறையும். குறைந்தால் பெரிதாய் நீடிக்கும். நலமுடையோர்க்கு ஓய்வில் ஏறத்தாழ 5 லிட்டர் எனக் கணக்கு வரும்.

1954இல் ஃபெக்லர் விலங்குகளில் கண்ட இம்முறையை 1971இல் கான்ஸ், ஸ்வான் முதலியோர் மனிதரிடம் கையாண்டனர். பாகையின் சிறு பின்னத்தில் நேரும் பிழையும் சிகிச்சையைத் திசைமாற்றக்கூடும் என்பதை நாம் மறத்தலாகாது.