தறிச்சொல்லும் திருமறைச்சொல்லும்: ஆரணி நெசவு வழக்கின் நோக்கில் தமிழ் விவிலியப் பெயர்ப்பு

கிறித்தவத் திருமறை தமிழில் பெயர்க்கப்பட்ட வரலாற்றை ஆராய்ந்தோர் பெரிதும் கடவுட்பெயர் பற்றிய விவாதத்தையே மையமாகக் கொண்டனர். சீகன்பால்கு சருவேசுரன் என்றார். பப்ரிசியஸ் பராபரன் என்றார். இரேனியஸ் தேவன் என்றார். இருபதாம் நூற்றாண்டுத் திருத்தம் கடவுள் என்னும் சொல்லைத் தேர்ந்தது. இவ்வாராய்ச்சி வேண்டத்தக்கதே. எனினும், ஒரு பெயர்ப்பு எம்மக்களின் தமிழை ஏற்றுக்கொண்டது என்பதைச் சமயக் கலைச்சொல்லினும் தொழிற்சொல்லே தெளிவாகக் காட்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து. இதற்கு ஆரணியின் நெசவுத் தொழில் உரைகல்லாகக் கொள்ளப்படுகிறது.

திருவண்ணாமலை மாவட்டத்திலுள்ள ஆரணி பட்டுச்சேலைக்குப் பெயர்பெற்ற ஊர். அமெரிக்கச் சீர்திருத்தத் திருச்சபையைச் சார்ந்த ஸ்கடர் உடன்பிறந்தார் 1853இல் நிறுவிய ஆர்க்காடு மிஷனின் தொடக்ககால நிலையங்களுள் ஒன்றாகவும் அது விளங்கியது. நாட்டுமொழியில் போதிப்பதே தன் முதற்கடன் என அம்மிஷன் கருதியது. இங்ஙனம் தறியும் தமிழ்த் திருமறையும் ஓரூரில் அருகருகே இயங்கின.

மொழி பற்றிய கிறித்தவ நோக்கு

இயேசு பேசியது அரமேய மொழி. அவரைப் பற்றிய நற்செய்தி நூல்கள் எழுதப்பட்டதோ அன்றைய பொதுவழக்குக் கிரேக்கத்தில். எனவே சமய முதல்வரின் சொற்களே கிறித்தவர்க்குப் பெரும்பாலும் பெயர்ப்பாகவே கிடைத்துள்ளன. வேதத்தில் ஒலி மாறாமை பெறும் இடத்தையும், இசுலாத்தில் அரபு மூலம் பெறும் இடத்தையும் இங்கு எந்த மொழியும் பெறவில்லை. திருத்தூதர் பணிகள் நூலின் இரண்டாம் அதிகாரத்தில் கூடியிருந்தோர் ஒவ்வொருவரும் தத்தம் மொழியில் செய்தியைக் கேட்டனர் எனும் நிகழ்ச்சி இந்நோக்கிற்கு அடிப்படையாகக் காட்டப்படுவது. (கொள்கை இது, மேலைத் திருச்சபை பல நூற்றாண்டுகள் இலத்தீனையே பற்றிநின்றமை வேறு.) தரங்கம்பாடியில் 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறியதும் இந்நோக்கின் விளைவே. எம்மொழியும் தகும் எனின், அம்மொழியுள் எவ்வழக்குத் தகும் என்னும் வினா உடன் எழுகிறது. புலவர் வழக்கா, தொழிலாளர் வழக்கா?

திருமறையுள் தறி

ஹென்றி பவர் முதன்மையாகப் பணியாற்றி 1871இல் வெளிவந்த ஐக்கியத் திருப்புதல் வடமொழிச் சொற்கள் மலிந்தது எனக் குறை கூறப்படுவதுண்டு. தேவன், பரிசுத்தம், ஜீவன் ஆகியவற்றை நோக்க அக்குறை பொய்யன்று. ஆனால் நெசவு பற்றிய இடங்களில் அதன் சொல்லாட்சி வேறாக உள்ளது. லேவியராகமம் 13ஆம் அதிகாரத்தில் நெடுக்கிழையும் குறுக்கிழையும் பாவு, ஊடை எனப்படுகின்றன. கோலியாத்தின் ஈட்டிக்காம்புக்குப் படைமரம் உவமை. யோபுவின் நாள்களுக்கு நெய்வோன் எறியும் நாடா உவமை. இவையாவும் தறிக்கூடத்துச் சொற்கள்.

படைமரம் தனியே கருதத்தக்கது. நெய்த துணி சுருளும் கனத்த மரத்தையே அச்சொல் குறிக்கும். ஆகவே தமிழ் வாசகர் ஈட்டியின் பருமனை எண்ணுவர். ஆனால் தொல்லியல் அறிஞர் இகேல் யாதீன், 1955இல் எழுதிய கட்டுரையில், எபிரேயத்தின் மானோர் என்பது பாவிழைகளைத் தூக்கும் கண்ணிகள் கோத்த கோல் என்றும், ஈட்டியில் சுற்றிய கயிற்றுக் கண்ணியே உவமைப் பொருள் என்றும் விளக்கினார். அவர் கூற்றை ஏற்பின், தமிழில் புதுச்சொல் ஆக்க வேண்டுவதில்லை. அக்கண்ணிகளை நெசவாளர் விழுது என்பர். விழுதுக்கோல் என்றாலே போதும்.

யோபு 7:6இல் சிக்கல் மிகுதி. அங்குள்ள எபிரேயச் சொல் எரெக். அது நியாயாதிபதிகள் 16:14இலும் யோபுவிலுமாக இரண்டே இடங்களில் வருகிறது; முன்னதில் தறியையும், பின்னதில் விரைந்தோடும் கருவியையும் குறிப்பதாகக் கொள்வர். பழைய கிரேக்கப் பெயர்ப்பு இங்கே தறியையே விட்டுவிட்டு, பேச்சினும் விரைவானது என மாற்றியது. ஐக்கியத் திருப்புதலின் நாடா தொழிலாளர் சொல். 1995இல் வெளிவந்த திருவிவிலியம் ஓடுகட்டை என்கிறது. நாடா என்றதும் தறி காணாத வாசகர் துணிப்பட்டையை நினைப்பர் ஆதலின், பொருள் விளங்கும் சொல்லைத் தேர்ந்ததாகக் கொள்ளலாம். ஆயினும் ஆரணி நெசவாளர்க்கு அது அகராதிச் சொல்லாகவே தோன்றும். பொதுவாசகரின் தெளிவுக்காகத் தொழிலாளரின் சொல் விடப்பட்டது. இஃது ஏற்கத்தக்க இழப்பா என்பதில் கருத்து வேறுபடலாம். அடிக்குறிப்புடன் நாடாவையே நிறுத்தியிருக்கலாம் என்பது என் துணிபு.

அவ்வசனத்தின் இறுதியில் உள்ள திக்வா என்னும் சொல்லுக்கு நம்பிக்கை, கயிறு என இருபொருள் உண்டு. யோசுவா 2ஆம் அதிகாரத்தில் ராகாப் சன்னலில் கட்டும் சிவப்புக் கயிறும் அச்சொல்லாலேயே சுட்டப்படுகிறது. நம்பிக்கையின்றி முடிந்தன என்பதற்குள்ளேயே நூலற்று முடிந்தன என்பதும் ஒலிக்கிறது. தமிழ்ப் பெயர்ப்புகள் நம்பிக்கையை மட்டுமே தந்துள்ளன. நூல் என்னும் ஒரு சொல்லால் இழையையும் ஏட்டையும் குறித்து, நூல் யாத்தலைப் பஞ்சு நூற்றலோடு ஒப்பிட்ட நன்னூலார் மரபில் வந்த மொழிக்கு இச்சிலேடை கைகூடாமற் போனது வியப்பே.

ஏசாயா 38:12இல் நோயுற்ற எசேக்கியா தன் வாழ்வை நெய்வோன் செயலோடு ஒப்பிடுகிறான். எபிரேயத்தின் தல்லா என்பது துணியை அறுத்தபின் தறியில் எஞ்சும் இழைமுனைகளைக் குறிக்கும் என்பர். ஐக்கியத் திருப்புதல் அதனைப் பாவு எனப் பொதுப்படக் கூறிற்று. நெசவாளர் அறுப்பது நெய்து முடிந்த துணியை. எஞ்சிய முனைகளைத் தறியிலேயே விட்டு, அவற்றோடு புதிய பாவின் இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைப்பர். நெய்யாத பாவை இடையில் அறுப்பது தொழிலில் பெருங்கேடு. ஆகவே தமிழ்ப் பெயர்ப்பைத் தறியறிந்தோர் படிக்கும்போது, மூலத்தினும் கடுமையான பொருள் தோன்றுகிறது. வாழ்நாளின் நடுவிலேயே சாவைக் கண்டு அஞ்சும் அரசனின் புலம்பலுக்கு அக்கடுமை முரணன்று.